சுல்தானின் புல்மேடு

கோடைக்கானல் கடைவீதியில் அந்தக் காலத்தில் சேக் பரீதைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, பெண்டாட்டி சம்பாதிக்கிறாள், இவன் பிள்ளை வளர்க்கிறான் என்பது. மற்றது, காடை பிடிப்பதில் இவனை மிஞ்ச மதுரை ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்பது. முதல் பேச்சைச் சத்தமாகப் பேசுவார்கள். இரண்டாவதைக் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

முதல் பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. அவன் மனைவி பதுருன்னிசா தகரப் பெட்டி நிறைய லேசும் ரிப்பனும் கண்ணாடி வளையலும் அடுக்கிக்கொண்டு பங்களா பங்களாவாக ஏறி இறங்குவாள். ஆண் வியாபாரிகளை வராந்தாவோடு நிறுத்திவிடும் துரைசானிகள் இவளை மட்டும் உள்ளறை வரைக்கும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ‘வெரி பைன் லேஸ், மேடம்’ என்று அவள் சொல்கிற தோரணைக்கே, வேண்டாதவர்களும் ஒரு முழம் வாங்கிவிடுவார்கள். சீசன் நாளில் காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை ஒரு வயது ஷம்ஷாத் அத்தாவின் முதுகில்தான். பதுருன்னிசாவின் பழைய கம்பளிச் சால்வையில் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பரீது கஞ்சி காய்ச்சுவான், துணி அலசுவான், குழாயடியில் பெண்களோடு வரிசையில் நிற்பான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தை மறைத்துக்கொள்ள ஆண்டவன் அவனுக்குச் சுல்தானைக் கொடுத்திருந்தான்.

சுல்தான் ஒரு காடை. உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை உடம்பு, கழுத்திலிருந்து நெஞ்சுவரை கன்னங்கரேல் என்று ஒரு பட்டை, பார்ப்பவரை முறைக்கிற வெள்ளைக் கண். விடிகிற வேளையில் புல்மேட்டில் கூண்டை வைத்தால் சுல்தான் உடம்பை உப்பிக்கொண்டு உறுமத் தொடங்குவான். அந்தச் சத்தத்தைக் கூவல் என்று சொல்ல முடியாது. தூரத்தில் மலையேறி வருகிற பஸ்ஸின் உறுமல்போல அது மண்ணிலிருந்து கிளம்பும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மூடுபனி இறங்கிய காலையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மலையே தூக்கத்தில் மூச்சு விடுகிறதோ என்று பரீதுக்குத் தோன்றும். முதுகில் ஷம்ஷாத் அந்தச் சத்தத்துக்குக் கண் சொருகிவிடுவாள்.

உறுமலைக் கேட்ட இன்னொரு கறுப்புக் கழுத்துக்காரன் சும்மா இருக்க மாட்டான். என் மேட்டில் வந்து கத்துகிறவன் எவன் என்று புல்லைப் பிளந்துகொண்டு ஓடி வருவான். கூண்டின் முன்பக்கம், கம்பித் தடுப்புக்கு வெளியே, ஒரு சின்ன வலைக்கதவைத் தூக்கி ஒரு குச்சியில் மாட்டியிருக்கும். சண்டைக்குப் பாய்கிறவன் குச்சியை மிதிப்பான், கதவு விழுந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. பிடித்த காடைகளைச் சண்டைக்கு வளர்க்கிறவர்கள் திண்டுக்கல், பழனி என்று பல ஊரில் இருந்தார்கள். பரீது பிடித்த காடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

இந்த வித்தையைக் கன்னிவாடியிலிருந்து மலைக்குக் கொண்டுவந்தது அவனுடைய அத்தா. காலமாவதற்கு முன்னால் அவர் மகனிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினார். “பெட்டைய மட்டும் தொட்டுராதேப்பா. அது முட்டையிடுற சாதி. சேவல் போனா இன்னொரு சேவல் வரும். பெட்டை போனா மேடே பாழாப்போயிரும்.”

பரீது அந்தச் சத்தியத்தை ஐந்து வேளைத் தொழுகை மாதிரி காத்தான். கறுப்புக் கழுத்து இல்லாத, வெளிறிப்போன சின்னக் காடைகளும் சில நேரம் சுல்தானின் சத்தத்துக்கு வரும். சண்டைக்கு இல்லை. கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, வந்த காரியத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களைப்போல நிற்கும். பாவம், ராசாவைப் பார்க்க வந்த ராணிகள் என்று பரீது நினைத்துக்கொள்வான். “போங்கம்மா, போங்க. ஒங்க சுல்தான் இப்பச் சோலியா இருக்காரு” என்று வாஞ்சையாகக் கைதட்டி விரட்டிவிடுவான். ஒரு பெட்டையைக்கூடக் கூடையில் போட்டதில்லை என்பதில் அவனுக்குப் பெருமை உண்டு. மேட்டைக் காப்பாற்றுகிறவன் என்றே தன்னை நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் மேடு அடங்கிக்கொண்டு வந்தது. அத்தாவின் காலத்தில் விடிந்தால் நாலு திசையிலும் உறுமும். இப்போது சுல்தான் கத்திக் கத்தித் தொண்டை வற்றினாலும் எப்போதாவது ஒரு பதில்தான். பரீது யார் யாரையோ சந்தேகப்பட்டான். நரி, கீரி, பருந்து, புல்லுக்குத் தீ வைக்கிற மாட்டுக்காரர்கள் என்று எல்லோரையும் திட்டினான். தன்னை மட்டும் விட்டுவிட்டான்.

அந்த வருஷம் மே மாதத்தில் அண்ணன் தஸ்தகீர் ஒரு சேதியோடு வந்தார். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறவர். தம்பி பெண்டாட்டி தெருத்தெருவாக லேஸ் விற்பது அவருக்கு நெஞ்சில் தைத்த முள். வந்தவர் உட்காரக்கூட இல்லை. பரீது பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

“ஏரிக்கரைப் பங்களாவுக்கு ஜமீன்தார் வந்திருக்காகல்ல, மூத்த மவனுக்குப் பொறந்தநாள் கொண்டாடுறாக. பெரிய பெரிய ஆளெல்லாம் வருது. காடைச் சண்டை விடணும்னு ஆசப்படுறாக. காரியஸ்தர் குருநாதன்கிட்ட ஒன் பேரச் சொல்லியிருக்கேன். ரெண்டு கூடை நெறையச் சண்டைக்காடை கொண்டாந்து எறக்கிட்டேன்னா, கீழ அரமனையில பறவையெல்லாம் பாத்துக்குற வேலை நிரந்தரமா ஒனக்குத்தான். வீடும் குடுக்குறாக.”

“அண்ணே, மேட்டுல முன்ன மாதிரி...”

“ஏலே, நான் சொல்றதக் கேளு. ஆம்பளைக்கு அடையாளமா ஒரு சோலி வேணும். ஒம் பொண்டாட்டி வீட்டோட கெடப்பா. இந்தப் புள்ளையத் தூக்கிச் சொமக்குற பொழப்பும் ஒழியும். நாளைக்கு ஒன்னைய எந் தம்பின்னு சொல்ல எனக்கும் வாய் வரணும்ல.”

பரீது தலையாட்டினான். அண்ணன் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் அவனைச் சுட்டது. ஒருமுறையாவது கடைவீதியில் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது?

மறுநாளே கிளம்பினான். முதுகில் ஷம்ஷாத், ஒரு கையில் சுல்தான், மறு தோளில் இரண்டு பிரப்பங்கூடைகள். பக்கத்து மேடுகள் அடங்கிப்போய்விட்டதால் போளூர் என்கிற மலைக்கிராமத்துக்குப் போகிற பாதையில் தள்ளித் தள்ளிப் போனான். மனிதர் காலடி அதிகம் படாத மேடுகள். புல் இடுப்பளவு நிற்கும். மடிப்புகளில் சோலைக்காடு கறுத்துக் கிடக்கும். காலையில் பள்ளத்திலிருந்து மேகம் எழுந்து வந்து புல்நுனிகளைத் தடவிவிட்டுப் போகும். மேகம் வந்தால் தன் கையே தனக்குத் தெரியாது. விலகினால் எதிர்மலை வெயிலில் பளிச்சென்று நிற்கும். இது கனவா அது கனவா என்று தெரியாமல் பரீது கூண்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். சுல்தான் உறுமுவான். அங்கே இன்னும் கறுப்புக் கழுத்துக்காரர்கள் இருந்தார்கள். ஓடி வந்தார்கள், விழுந்தார்கள். தினமும் விடியலில் போய் இருட்டுவதற்குள் திரும்பினான். கூடைகள் நிறைந்துகொண்டு வந்தன.

ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. பரீது சரிவில் ஒரு பாறைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புல்தூர். அதன் அடியில் வெளிறிய சின்னக் காடை ஒன்று படுத்திருந்தது. ஆலங்கட்டி புல்லை ஒடித்தது. அதன் முதுகில் விழுந்து தெறித்தது. காடை கண்ணை மூடிக்கொண்டதே தவிர அசையவில்லை. மழை விட்டதும் அது உடம்பைக் கொஞ்சம் தூக்கி உதறியது. அடியில் மங்கிய வெள்ளையில் கறும்புள்ளி தெளித்த முட்டைகள் தெரிந்தன.

“ஒம் புருசன் எங்கம்மா?” என்றான் பரீது. கேட்டுவிட்ட பிறகுதான், அந்தப் புருஷன் தன் கூடைக்குள்ளேயே இருக்கலாம் என்பது உறைத்தது. சேவல் போனால் இன்னொரு சேவல் வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனாலும் கூடையைத் தூக்கியபோது அது முன்னைவிடக் கனத்தது.

அன்று மாலை பதுருன்னிசா அவனுக்கு முன்னால் வீடு வந்திருந்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை வாங்கி முத்தமிட்டு, பிறகு கூண்டுக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்களேன். ஒங்க சுல்தானுக்குப் பேறுகாலம் ஆயிருக்கு.”

“என்னா வெளாட்டு இது?”

“நான் எதுக்கு வெளாடுறேன்? நீங்களே பாருங்க.”

கூண்டின் மூலையில் ஒரு முட்டை கிடந்தது. மங்கிய வெள்ளை, கறும்புள்ளி. பரீது முதலில் நம்பவில்லை. கடைவீதிப் பயல்கள் எவனாவது வைத்திருப்பான் என்றான். வழியில் பெட்டை ஏதாவது உள்ளே நுழைந்திருக்கும் என்றான். பதுருன்னிசா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவன் விடுவிடுவென்று போய்க் கூடைகளின் மூடியைத் திறந்தான். கறுப்புக் கழுத்துகள் திமிறின. அவற்றின் காலடியில், வைக்கோலில், அங்கேயும் முட்டைகள் கிடந்தன. ஒன்று உடைந்து மஞ்சள் கரு ஒழுகியிருந்தது.

அவன் அன்று சாப்பிடவில்லை. பதுருன்னிசாவும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் பொழுது புலர்ந்ததும் அதே சரிவுக்குப் போனான். இந்தமுறை வலைக்கதவை விழாதபடி சணலால் இறுக்கிக் கட்டிவிட்டான். கூண்டுக்குள் கொஞ்சம் கறையான் போட்டான். தூரப் போய்ப் புல்லோடு புல்லாகக் குப்புறப் படுத்துக்கொண்டான். ஷம்ஷாத் அவன் முதுகுமேல் படுத்துக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

சுல்தானின் உறுமல் கிளம்பியது. மேகம் வந்து மூடியது, போயிற்று. கறுப்புக் கழுத்து எதுவும் வரவில்லை. வருவதற்கு அந்த மேட்டில் மிச்சம் வைத்தால்தானே? ஆனால் புல்லின் அடியில் ஏதோ நகர்ந்தது. வெளிறிய சின்னக் காடை ஒன்று, ஒரு அடி வைக்கும், நிற்கும், ஒரு அடி வைக்கும். எத்தனையோ தரம் கைதட்டி விரட்டிய அதே கூச்சக்காரச் சாதி. பரீது கைதட்டவில்லை. அது கூண்டின் கம்பிவரை வந்தது.

சுல்தானின் உறுமல் நின்றது. அதற்குப் பதிலாக, பரீது தன் ஆயுளில் கேட்டிராத ஒரு மெல்லிய சத்தம் அந்தக் கறுப்புக் கழுத்திலிருந்து வந்தது. குழந்தையைத் தட்டிக்கொடுக்கும்போது நாம் அடித்தொண்டையில் முனகுவோமே, அப்படி. பிறகு சுல்தான் ஒரு கறையானை அலகு நுனியில் எடுத்துத் தான் தின்னாமல் கம்பிக்கு வெளியே நீட்டிற்று. சின்னது வாங்கித் தின்றது. இன்னொன்று நீட்டிற்று. அதையும் வாங்கித் தின்றது.

பரீதுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உறுமுகிறதும் சண்டைக்குப் பாய்கிறதும் பெட்டை. அது ஒரு கூட்டில் முட்டையிடும், பிள்ளை காக்கிற வேலையை, அன்று ஆலங்கட்டியில் பார்த்ததைப்போல, சின்ன ஆணிடம் விட்டுவிடும், அடுத்தவனைக் கூப்பிட மேட்டுக்கு வந்து நிற்கும். தானும் அத்தாவும் இத்தனை வருஷமும் போர் முழக்கம் என்று நினைத்த சத்தம் பாதிக்குப் பாதி ஒரு பெண் தன் ஆணைக் கூப்பிடுகிற சத்தம். கூப்பிட்ட குரலுக்கு வந்தவனை அவன்தான் வேலை மெனக்கெட்டு விரட்டிக்கொண்டிருந்தான். பெட்டையைத் தொடாதே என்று அத்தா சத்தியம் வாங்கினார். அவனோ பெட்டையைத் தவிர வேறு எதையும் தொட்டதே இல்லை. மேடு ஏன் பாழாயிற்று என்று இனி நரியைக் கேட்க வேண்டாம், பருந்தைக் கேட்க வேண்டாம்.

அவன் முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு அழுதான். முதுகின்மேல் பிள்ளை அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் குதித்தாள்.

வீட்டுக்கு வந்து பதுருன்னிசாவிடம் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். கேலி செய்யவில்லை.

“இப்ப என்ன செய்யப்போறீங்க?”

“தெரியல. நான் புடிக்காட்டா அந்தக் குருநாதன் வேற ஆளைக் கீழருந்து கூட்டியாருவாரு. மேட்டுல இருக்குற மிச்சம் மீதியும் போயிரும். பெட்டைக் காடைன்னு சொல்லிட்டா ஒருத்தனும் தொட மாட்டான். பெட்டைய வச்சுச் சண்டை விட்டேன்னு சொல்லிக்க எந்த ஜமீனுக்கு மனசு வரும்? ஆனா சொன்னா...”

“சொன்னா?”

“எம் பேரு சந்தி சிரிக்கும். சேவலு எது, பெட்டை எதுன்னு தெரியாதவன்னு. ஏற்கனவே என்னையச் சொல்றது பத்தாதா? அந்த வேலையும் போயிரும். வேலை கெடச்சா நீயாவது வீட்டுல நிம்மதியா இருப்ப.”

பதுருன்னிசா லேசைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “வீட்டுல இருக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்? அது ஒங்க அண்ணன் சொன்னது. எனக்கு ஏறி எறங்குறதுதான் புடிச்சிருக்கு. புள்ள ஒங்ககிட்ட இருக்குன்னுதான் நான் தைரியமாப் போறேன். அதுல ஒங்களுக்குக் கொறையா இருந்தா இன்னைக்கே சொல்லிருங்க, பெட்டிய மூட்டை கட்டி வச்சுர்றேன்.”

பரீது கூடைகளின் மூடியை இழுத்துக் கட்டத் தொடங்கினான். ‘எனக்கும் பிடித்திருக்கிறது’ என்று சொல்ல வேண்டியதுதானே பாக்கி? இரண்டு வார்த்தைப் பேச்சுத்தான். தன் வீட்டுக்குள், தன் பெண்டாட்டியிடம் சொல்லவே அவனுக்கு நாக்கு எழும்பவில்லை. அவன் போய் ஜமீன் பங்களாவில் என்னத்தைச் சொல்லப்போகிறான்?

பிறந்தநாள் அன்று பதுருன்னிசா மிஷன் பங்களாவுக்குப் போயாக வேண்டியிருந்தது. பரீது பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கூடைகளையும் கூண்டையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பங்களாவுக்குப் போனான். பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். ஷம்ஷாத் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

புல்தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பாண்டு வாத்தியம் ஓய்ந்து ஏரியிலிருந்து மெல்லிய பனி மேலே வந்துகொண்டிருந்தது. நாற்காலிகளில் சரிகை அங்கவஸ்திரங்களும் கோட்டும் தொப்பியுமாகப் பெரிய மனிதர்கள். நடுவில் ஜமீன்தார். வாசலில் தஸ்தகீர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்தார். தம்பியின் முதுகைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

“அடப்பாவி, இங்கயுமா?” என்று பல்லைக் கடித்தார். “சரி, வெரசாப் போய்க் கூடைய எறக்கு.”

காரியஸ்தர் குருநாதன் கூடைக்குள் எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “சபாஷ்! என்னா முறைப்பு, என்னா துடிப்பு! ஆம்பளைன்னா இப்படியில்ல இருக்கணும். வாப்பா, எதை எதோட விடலாம், நீயே ஜோடி சேரு.”

பரீது நகரவில்லை. சொன்னால் தன் பேர் முடிந்தது. சொல்லாவிட்டால் மேடு முடிந்தது. கூடைக்குள் அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உறுமுகிற சத்தம் அவன் கைகளில் அதிர்ந்தது. அந்தச் சரிவில் ஆலங்கட்டிக்கு அசையாமல் படுத்திருந்த சின்ன உடம்பு ஏனோ கண்முன் வந்து நின்றது.

“சாமி, மன்னிக்கணும்” என்றான். “இதுக அம்புட்டும் பெட்டைங்க.”

“என்னது?”

“பெட்டைங்க. முட்டையிடுதுங்க. நான் தப்பா நெனச்சுட்டேன். எங்கத்தாவும் தப்பா நெனச்சுட்டாரு. இந்தச் சாதியில கறுப்புக் கழுத்து பெட்டைக்குத்தான். சண்டை போடுறதும் அதுதான். இம்புட்டு நாளும் நீங்கள்லாம் சண்டைக்கு விட்டதும் பெட்டையத்தான்.”

நாற்காலிகளில் இருந்த இரண்டொருவர் தங்கள் வீட்டுக் காடைகளை நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். ஜமீன்தார் முன்னால் குனிந்தார்.

“அப்ப ஆணு என்னடா பண்ணும்?”

“சின்னதாச் சாதுவா இருக்குமுங்க. அதுதான் முட்டைமேல ஒக்காந்து அடைகாக்கும். குஞ்சு பொரிச்சா கூட்டிக்கிட்டுப் போயி மேய்க்கும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குருநாதனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ஏன்டா, யாருகிட்டக் கதை விடுறே? ஆம்பளை எங்கயாச்சும் அடைகாக்குமா?”

அந்தக் கேள்விக்குத்தான் பரீது பயந்துகொண்டிருந்தான். இந்தக் காடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, ஷம்ஷாத் பிறந்த நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தான். முதுகில் பிள்ளை தூங்கிவிட்டிருந்தாள். அவள் எச்சில் அவன் சட்டையை நனைத்திருந்தது. அவன் சால்வை முடிச்சை ஒருதரம் சரிசெய்துகொண்டான்.

“காக்குமுங்க” என்றான். “நான் காக்கலையா?”

சிரிப்பு ஒரு கணம் எங்கோ தடுக்கி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது. இந்தமுறை பரீதுக்கு அது உறைக்கவில்லை. அவனும் சிரித்துவிட்டான். எதற்குச் சிரிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் சந்தோஷத்துக்குத்தான். இரண்டு வார்த்தைப் பேச்சு, நாற்பது பேர் நடுவில் வெளியே வந்துவிட்டது. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

“என் மகன் பிறந்தநாளுக்குப் பொட்டைச் சண்டையா? தூக்கிக்கிட்டுப் போடா” என்று ஜமீன்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். தஸ்தகீர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அதன்பிறகு அவர் தம்பியோடு பேச்சு வார்த்தைக்கு வர அடுத்த ரம்சான் ஆயிற்று.

அந்தச் சேதி பரீது பாதி வழி போவதற்குள் கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. ‘பெட்டைக்காடைப் பரீது’ என்ற பட்டம் அன்றைக்கே நிலைத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கூண்டில் கறுப்புக் கழுத்து வைத்திருந்த மீசைக்காரர்கள் எல்லோரும் அந்த வாரமே அதைச் சத்தம் போடாமல் எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அப்படி ஒன்று என்னிடம் இருந்ததே இல்லையே என்று பிற்பாடு சாதித்தார்கள். காடைச் சண்டை என்ற பேச்சே மலையில் அற்றுப்போயிற்று.

பரீது போளூர்ப் பாதையில் அந்தச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கூடைகளைக் கவிழ்த்து மூடியைத் திறந்தான். உருண்டை உடம்புகள் புல்லுக்குள் ஓடி மறைந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவன் என்ன செய்துவிட்டான்? முந்தைய வருஷங்களில் அவன் மலையிறக்கி விற்றவை யாரும் திருப்பித் தர முடியாதவை.

கடைசியாகச் சுல்தானின் கூண்டைத் திறந்தான். அவள் உடனே போகவில்லை. வாசலில் நின்று வெள்ளைக் கண்ணால் ஒருதரம் முறைத்தாள். பிறகு நிதானமாக இறங்கி, புல்லை விலக்கிக்கொண்டு நடந்து, அவன் கண்ணில் படாத இடத்துக்குப் போனாள்.

மேகம் ஏறி வந்து சரிவை மூடியது. எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து அந்த உறுமல் எழுந்தது. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேட அவன் முயலவில்லை. பக்கத்துப் புல்லில் ஏதோ ஒரு அடி வைத்தது, நின்றது, மறுபடி ஒரு அடி வைத்தது.

அது வருகிற வழியில் தான் குறுக்கே இருக்கக் கூடாது என்று பரீது பிள்ளை விழித்துவிடாமல் மெல்ல எழுந்து, வந்த வழியே நடந்தான்.